சும்மா இருப்பதற்கான மானியம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வாழ்க்கையிலிருந்து கிடைக்கவில்லை, ஒரு பட்டியலிலிருந்து கிடைத்தது. மின்கட்டணம் கட்ட உட்கார்ந்தவன் விரல் தவறி எதையோ அழுத்தி, வேளாண்மைத் துறையின் மானியப் பட்டியலில் போய் விழுந்தேன். ஆயிரத்துச் சொச்சம் வரிசைகள். யாருக்கு, எவ்வளவு, எதற்காக. விதைக்கு, உரத்துக்கு, குழாய்க்கு, செத்துப்போன மாட்டுக்கு. கொட்டாவி விட்டபடி கீழே தள்ளிக்கொண்டே போனேன். ஒரு வரிசையில் கை நின்றுவிட்டது. 'எதற்காக' என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: பயிர் செய்யாமல் இருந்ததற்காக.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். அதேதான். பக்கத்தில் தொகை. ஓராண்டு அல்ல, நான்கு ஆண்டுகள், ஆண்டு தவறாமல்.

பெரிய எழுத்தாளர்கள் கருணையால் எழுத ஆரம்பிப்பார்களாம். நான் வயிற்றெரிச்சலில்தான் பேனாவை எடுத்தேன். சும்மா இருப்பதற்குக் காசு வாங்கும் அந்த மனிதர் எப்படி இருப்பார், காலையில் எழுந்து என்ன செய்யாமல் இருப்பார், செய்யாமல் இருந்து களைத்துப்போய் எத்தனை மணிக்குப் படுப்பார்?

[இங்கே மண் வாசனை பற்றி ஒரு பத்தி இருந்தது. அக்கா படித்துவிட்டுச் சிரித்ததால் எடுத்துவிட்டேன்.]

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழு வருஷம் ஒரு வேளாண்மை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். பல சமயம் கடைசியாகப் படிப்பவளும் அவளே. திட்டத்தை அவள்தான் எனக்கு விளக்கினாள்.

"அதுக்குப் பேரு ஓய்வு நிலத் திட்டம்டா. நிலத்துக்கு அஞ்சு வருஷம் லீவு. உழக்கூடாது, விதைக்கக்கூடாது, தண்ணி பாய்ச்சக்கூடாது. புல்லு பூண்டு தானா முளைச்சு தானா கிடக்கணும். மண்ணு தேறும், கிணத்துல தண்ணி ஏறும். அதுக்கு ஏக்கருக்கு இவ்வளவுன்னு குடுப்பாங்க."

"மீறினா?"

"மீறினா அது சாகுபடி. வாங்கின அத்தனையையும் வட்டியோட திருப்பிக் கட்டணும்."

எனக்கு உடனே உற்சாகம் பிறந்துவிட்டது. யாரோ ஒருவர் மாட்டிக்கொள்வார் என்றால்தான் கதை நகரும்.

2

தொடக்கம் ஒன்று: "காலைச் சூரியன் அந்தத் தரிசு நிலத்தின் மீது தன் பொற்கதிர்களை—" வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை கிடையாது.

தொடக்கம் இரண்டு: "லஞ்சம் வாங்குவதற்கென்றே பிறந்த அந்த அதிகாரி, மீசையைத் தடவியபடி—" அக்கா தாளைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆபீஸ்ல வேலை பாத்தா லஞ்சம் வாங்கியே ஆகணுமா? நான் வாங்கினேனா?"

அவள் வாங்கவில்லை. அதற்கு எங்கள் வீட்டு நாற்காலிகளே சாட்சி. மீசையோடு அந்த அதிகாரியை வெளியே அனுப்பிவிட்டேன்.

தொடக்கம் மூன்று. இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

நாலுமூலை அன்றைக்குத்தான் முதல் முறையாக வண்டியை விட்டு இறங்கினார்.

நாலுமூலை என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். ஆள் களச் சரிபார்ப்பாளர், வயது நாற்பத்தாறு. ஓய்வு நிலங்களுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை போய், நிலத்தின் நாலு மூலையிலும் நின்று செல்போனில் படம் எடுத்து அனுப்புவது அவர் வேலை. லஞ்சம் இல்லை என்று ஆனபிறகு மனிதர் வெறும் நல்லவராக என் மேஜையில் நின்றுகொண்டிருந்தார். பார்க்கவே சகிக்கவில்லை. ஒரு குறையாவது வைத்தாக வேண்டும். கொஞ்சம் யோசித்துச் சோம்பலை வைத்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த குறை, ஆராய்ச்சி தேவையில்லை.

ஆகவே நாலுமூலை மூன்று வருஷமாக அந்த நிலத்துக்குள் கால் வைத்ததே இல்லை. சாலையோர மூலையில் வண்டியை நிறுத்துவார். சீட்டில் உட்கார்ந்தபடியே இடுப்பைத் திருப்பித் திருப்பி நாலு படம் எடுப்பார். கிளம்பிவிடுவார்.*

* அக்கா இங்கே குறுக்கிட்டாள். "எடுத்த இடத்தை போனே முத்திரை குத்திடும்டா. நாலு படமும் ஒரே இடம்னு தெரிஞ்சுடுமே." நான் கேட்டேன், "அதை யாராவது பார்ப்பாங்களா?" "பாக்க மாட்டாங்க," என்றாள், மனசே இல்லாமல்.

3

இந்த வருஷம் அலுவலகத்துக்கு வானத்திலிருந்து எடுத்த படம் வந்தது. மாவட்டத்திலுள்ள ஓய்வு நிலங்களெல்லாம் பரட்டைத் தலையாகக் கிடக்க, ஒன்று மட்டும் எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவியிருந்தது. மூன்று ஏக்கர், கோடு கோடாக. மேலதிகாரி அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'நேரில் பார்த்து இன்றே அறிக்கை' என்று எழுதி நாலுமூலையின் மேஜையில் வைத்திருந்தார்.

யாருடைய நிலம் என்று பார்த்ததும் நாலுமூலை படத்தைக் கவிழ்த்து வைத்தார். அது நேர்கோட்டின் நிலம். ஊரில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அறுபத்திரண்டு வயது. அவர் நாற்று நட்டால் கயிறு பிடித்த மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டில் சுவர் எழுப்பும்போது கொத்தனார் குண்டு தொங்கவிட்டுப் பார்த்த பிறகும், "எதுக்கும் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்பார்கள்.

அவரை இந்தத் திட்டத்தில் இழுத்துப் போட்டதே நாலுமூலைதான். நான்கு வருஷத்துக்கு முன் நாற்பது விண்ணப்பம் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். முப்பத்தொன்பது தேறியிருந்தது. நாலுமூலை நேர்கோட்டின் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "சும்மா இருந்தா காசு, அண்ணே. உலகத்துல எவனுக்குக் கிடைக்கும்?" என்று ஒரு மணி நேரம் ஓதினார். நேர்கோடு மசியவில்லை. சும்மா எப்படி இருப்பது என்று திருப்பித் திருப்பிக் கேட்டார், வழி கேட்பவர் மாதிரி. அவர் மனைவிதான் உள்ளேயிருந்து வந்து, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள். நிலத்தின் பத்திரம் அப்போதே ஏழு வருஷமாகக் கூட்டுறவு வங்கியில் அடகு கிடந்தது. பயிர் வைத்த வருஷங்களில் வட்டி கட்டவே திணறினார்கள். பயிர் வைக்காமல் இருந்தால் அசலே அடையும் என்று அவள் மனக்கணக்குப் போட்டுவிட்டாள்.

அடைந்தும்விட்டது. பத்திரம் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. துணிகளுக்கு அடியில் வைத்து, தினம் ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறாள். இப்போது நாலுமூலை 'சாகுபடி' என்று எழுதினால் நான்கு வருஷப் பணமும் வட்டியோடு திரும்பிப் போக வேண்டும். அவர்களிடம் விற்பதற்கு இருப்பது அந்த மூன்று ஏக்கர் மட்டும்தான்.

நாலுமூலை வண்டியை விட்டு இறங்கினார். சாலையோரமாக முள்ளும் புதருமாக ஒரு ஆள் உயரத்துக்கு மண்டியிருந்தது. மூன்று வருஷமாக அவர் படம் பிடித்தது இதைத்தான். விலக்கிக்கொண்டு உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

புல். வெறும் காட்டுப் புல்தான், யாரும் விதைக்காதது. ஆனால் ஒவ்வொரு தூரும் ஒரு முழ இடைவெளியில் நின்றது. வரிசைக்கு வரிசை இரண்டு முழம். இந்த வரப்பில் நின்று பார்த்தால் அந்த வரப்பு தெரிந்தது. வரப்பின் பக்கங்கள்கூடக் கையால் வழித்துவிட்ட மாதிரி இருந்தன. நடுவில் நேர்கோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. செருப்பக் கழட்டிட்டு வரப்பு மேலயே வாங்க, அந்த ஓரம் இளசா இருக்கு."

"என்ன அண்ணே பண்றீங்க?"

"களை எடுக்கறேன்."

நாலுமூலை சுற்றுமுற்றும் பார்த்தார். "இது மொத்தமுமே களைதானே, அண்ணே?"

"ஆமா. அதுக்குள்ள வேற களை வருது பாருங்க, இந்த முள்ளுச் செடி. விட்டா இதை அமுக்கிடும்." பிடுங்கியதைத் தூக்கிக் காட்டி, வேர்மண்ணை உதறி, வரப்பில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் இருந்தது, அதுவும் சதுரமாக.

"யாரு அண்ணே உங்களை இதெல்லாம் பண்ணச் சொன்னது?"

நேர்கோட்டுக்குக் கேள்வி விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "கவர்மெண்டு காசு குடுக்குதுல்ல? பயிர் வேணாம், களைதான் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க. காசை வாங்கிட்டு ஏனோதானோன்னு ஒரு களைய வளத்துக் குடுத்தா நல்லாவா இருக்கும்? கொடுக்கறது நல்ல களையா இருக்கட்டுமேன்னுதான்."

நாலுமூலை வரப்பில் உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கையில் வைத்திருந்ததைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

4

[இந்தப் பகுதியில் நேர்கோட்டின் சின்ன வயசு இருந்தது. அவர் ஏன் எதையும் நேராகவே நடுகிறார் என்பதற்கு ஒரு துயரமான காரணம் கண்டுபிடித்து, இரண்டு பக்கம் அழுது எழுதியிருந்தேன். பிறகு அக்கா துணி மடிப்பதைப் பார்த்தேன். நாலு ஓரமும் பிசகாமல், கைக்குட்டையைக்கூட. அவளுக்கு ஒரு துயரமும் கிடையாது. சிலர் அப்படித்தான். பகுதியைத் தூக்கிவிட்டேன், எண்ணை மட்டும் விட்டுவைக்கிறேன்.]

5

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. நானும் மானியம் வாங்கியவன்தான்.

எழுத்தாளர்களுக்கு ஒரு உதவித்தொகை உண்டு. ஓராண்டு மாதாமாதம் தருவார்கள், ஒரு நாவல் எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் என் நாவலைப் பற்றி நானே மயங்கிப்போகும்படி நாலு பக்கம் எழுதினேன். கொடுத்துவிட்டார்கள். முதல் மாதம் ஒரு நல்ல நாற்காலி வாங்கினேன். இரண்டாம் மாதத்திலிருந்து அதில் உட்கார்ந்தேன். பதினோராம் மாதம் ஒரு அம்மா தொலைபேசியில், "எத்தனை பக்கம் ஆச்சு சார்?" என்று கேட்டார். மண்ணுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

ஒருவருக்கு எதுவும் செய்யாதே என்று காசு கொடுத்தார்கள், அவர் விடியற்காலையில் எழுந்துபோய் வேலை பார்க்கிறார். இன்னொருவனுக்கு வேலை பார் என்று காசு கொடுத்தார்கள், அவன் மத்தியானம் வரை தூங்குகிறான். எங்கள் இரண்டு கோப்புகளையும் யாராவது மாற்றி வைத்திருந்தால் அரசாங்கத்துக்கும் நிம்மதி, இலக்கியத்துக்கும் நிம்மதி.

நேர்கோட்டின் மேல் இருந்த வயிற்றெரிச்சல் இந்த இடத்தில் எனக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக வெட்கம் வந்தது. வெட்கத்தோடு எழுதுவது வயிற்றெரிச்சலோடு எழுதுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

6

நேர்கோட்டின் மனைவி வந்துவிட்டாள். நாலுமூலை அவளை அண்ணி என்று கூப்பிடுவார், நானும் அப்படியே கூப்பிட்டுக்கொள்கிறேன். உறவு கொண்டாட எனக்கும் ஆசை இருக்காதா?

அலுவலக வண்டி நிலத்தோரம் நிற்பதாக யாரோ சொல்லி ஓடி வந்திருக்கிறாள். வரிசை வரிசையாகப் புல்லைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த முள்ளுச் செடியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நடக்கப் போறேன்னீங்க," என்றாள்.

"நடந்துதான் வந்தேன்."

அண்ணி நாலுமூலையிடம் திரும்பினாள். "சர்க்கரைக்கு நடக்கணும்னு டாக்டர் சொன்னாருன்னு தெனமும் காலைல அனுப்பி வைக்கறேன் தம்பி. நகத்துல மண்ணோட வருவாரு. கேட்டா கீழ விழுந்துட்டேன்பாரு. ரெண்டு வருஷமா ஒரு மனுஷன் தெனமும் விழுவாரா? எனக்கு அன்னைக்கே உறைச்சிருக்கணும். மண்வெட்டி, களைகொத்து, கயிறு எல்லாத்தையும் திட்டத்துல சேந்தப்பவே அறைக்குள்ள போட்டுப் பூட்டிட்டேன். கைய எங்க கொண்டுபோய்ப் பூட்டறது?"

நாலுமூலை மேலதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் மூன்று ஏக்கருக்கும் கேட்டது.

"என்னய்யா, சாகுபடியா, தரிசா?"

"விதைக்கல சார். நடவும் இல்ல. தானா முளைச்சதுதான். ஆனா… வளத்திருக்காரு."

"என்ன பயிரு?"

"களை சார்."

"களைய எவனாவது பயிர் பண்ணுவானா?"

"பண்ணியிருக்காரு சார். நல்லா வந்திருக்கு."

மேலதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பயிரைச் சாகுபடி செய்தால் என்ன தண்டனை என்று பதினான்கு பக்கம் இருந்தது. களையைச் சாகுபடி செய்தால் என்ன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். எட்டு நாளில் வானத்திலிருந்து அடுத்த படம் வரும். அதில் கோடு தெரியக்கூடாது. கூடவே, மீதமுள்ள ஒரு வருஷமும் நிலத்தில் இறங்க மாட்டேன் என்று விவசாயி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் இருந்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். ஒன்று இல்லாவிட்டாலும் சாகுபடிதான்.

"அப்புறம்," என்றார் மேலதிகாரி, "மூணு வருஷமா நீ அனுப்பின படத்துல ஏன் ஒரே புதரு நாலு தடவை வருது?"

நாலுமூலை தொடர்பு அறுந்துவிட்ட மாதிரி நடித்தார். (நடிப்பு எனக்கே திருப்தியில்லை. மாற்றி எழுத நேரமில்லை.)

7

நிலத்தைக் கலைப்பது என்று முடிவாயிற்று. கலைப்பது சுலபம் என்று நானும் நினைத்திருந்தேன்.

அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கோபத்தில் விறுவிறுவென்று பிடுங்கிக்கொண்டே போனாள். பத்து நிமிஷம் கழித்து நாலுமூலை திரும்பிப் பார்த்தால், ஒன்று விட்டு ஒன்று பிடுங்கியிருந்தாள். இடைவெளி பிசகவில்லை. முப்பத்தைந்து வருஷம் நெருங்கி முளைத்த பயிரைக் கலைத்துவிட்ட கை அவளுடையது, அவள் சொன்னாலும் கேட்காது.

"அண்ணி, இது முன்னவிட அழகா இருக்கு," என்றார் நாலுமூலை, அழாத குறையாக.

ஒழுங்கில்லாமல் வேலை செய்யத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். அலுவலக அனுபவம் கைகொடுத்தது. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி, கோணல்மாணலாக ஓடினார், மிதித்தார், ஒரு இடத்தில் விழுந்து புரண்டார். அவருக்குப் பின்னாலேயே யாரோ வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினார். நேர்கோடு குனிந்து, மிதிபட்ட தூர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அடியில் மண் அணைத்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே!"

"வேரோட போயிடுச்சுன்னா பொழைக்காது தம்பி. மிதிங்க, வேணாங்கல. கொஞ்சம் பாத்து மிதிங்க."

அண்ணி வந்து அவர் கையைப் பிடித்து வரப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். நிலத்துக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னாள். அவரும் உட்கார்ந்தார். பின்னால் புல் முறிகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் தோள் ஒரு முறை அசைந்தது. எனக்கு இந்த இடத்தை எழுதப் பிடிக்கவே இல்லை. கிண்டலாகக் கொண்டுபோகலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

கலைத்து முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நாலுமூலை படிவத்தை எடுத்தார். பேனாவை நேர்கோட்டின் கையில் கொடுத்தார். அவர் வாசித்தார், எழுத்துக் கூட்டி, முழுவதும்.

"இறங்க மாட்டேன்னு போட்டிருக்கு."

"ஆமாண்ணே."

"ஆனா நான் இறங்குவேனே."

"அண்ணே, சும்மா ஒரு கையெழுத்து—"

"எனக்கே தெரியுது தம்பி, நாளைக்குக் காலைல கால் இங்கதான் வரும்னு. தெரிஞ்சுகிட்டே எப்படிப் போடறது?" பேனாவைத் திருப்பி நீட்டினார்.

அண்ணி அவர் முன்னால் உட்கார்ந்தாள். கத்தப்போகிறாள் என்று நாலுமூலை நினைத்தார், நானும்தான். அவள் கத்தவில்லை. "பதினோரு வருஷம் அந்தப் பத்திரம் வேற ஒருத்தன் பீரோல இருந்துச்சு," என்றாள். "நம்ம நிலத்துல நாம கூலிக்கு வேலை பாத்த மாதிரி இருந்துச்சு எனக்கு. நீங்க நட்டீங்க, அறுத்தீங்க, எல்லாம் வட்டிக்குப் போச்சு. இந்த நாலு வருஷம்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன். இன்னும் ஒரே ஒரு வருஷம். அதுக்கப்புறம் தலைகீழாக்கூட நட்டுக்குங்க, நான் கேக்க மாட்டேன். எனக்காக இந்த ஒரு வருஷம் கைய மடக்கி வச்சுக்க முடியாதா உங்களால?"

"முடியும்னு தோணல," என்றார் நேர்கோடு. "பொய் சொல்லி உன்கிட்ட நல்ல பேரு வாங்க வேணாம்னு பாக்கறேன்."

அண்ணி பேனாவை வாங்கினாள். நிலம் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. "அவர் இறங்க மாட்டார், நான் பொறுப்பு" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். நாலுமூலை அதன் கீழே 'தரிசு' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். அடுத்த படத்தில் கோடு தெரிந்தால் முதலில் கேட்கப்போவது அவரைத்தான்.

8

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன்.

முடிவு அ: எட்டாம் நாள் படம் வந்தது. கோடு இல்லை. எல்லோரும் நன்றாக இருந்தார்கள். அக்கா, "சப்புன்னு இருக்கு," என்றாள்.

முடிவு ஆ: கோடு தெரிந்தது. நிலம் விற்பனைக்கு வந்தது. ஒரு பத்தி எழுதினேன், அதில் அண்ணி துணிகளுக்கு அடியில் கைவிட்டுப் பத்திரத்தை எடுக்க— எழுதவில்லை. அவளிடமிருந்து அதை வாங்கி இன்னொருவன் கையில் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. என்னைக் கோழை என்று சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

முடிவு இ: மாவட்டத்தின் சிறந்த களைக்கான கேடயம் நேர்கோட்டுக்கு வழங்கப்பட்டது. இதைப் படித்து அக்காவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும்தான். ஆனால் சிரித்து முடித்தபிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், அண்ணி அங்கே இன்னும் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று.

ஆகவே மூன்றையும் ஒதுக்கிவிட்டேன். நாலு நாள் நேர்கோடு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சாமான் அலமாரியில் டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். செருப்புகளை அடுக்கினார். ஐந்தாம் நாள் மழை பெய்தது.

9

ஆறாம் நாள் காலை. மழை விட்டிருக்கிறது. அண்ணி எழுந்து பார்த்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. தலையைக்கூட முடியாமல் நிலத்துக்கு ஓடினாள்.

நேர்கோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். வரப்பில்தான். நிலத்தில் இல்லை. அவள் வரும் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"நான் இறங்கல," என்றார்.

"தெரியுது."

"கீழ் மூலைல தண்ணி நிக்குது பாரு."

"நிக்கட்டும்."

"ரெண்டு நாள் நின்னா வேரு அழுகிடும்."

"களைதானே," என்றாள் அண்ணி. அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளும் தண்ணீரைப் பார்த்தாள். மிதிபட்டுப் படுத்த தூர்களெல்லாம் இந்த ஐந்து நாளில் தலையைத் தூக்கியிருந்தன. கீழ் மூலையில் மட்டும் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்ததாகத்தான் நான் எழுதியிருந்தேன். அவள் போகவில்லை.

"எந்தப் பக்கம் வடியும்?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று உறைத்தது அவளுக்கு.

"அந்தப் பக்கம். ஒரு கை அகலம் மண்ணைத் தள்ளினாப் போதும். உள்ள இறங்கித்தான் தள்ளணும்."

படம் எடுக்க இன்னும் இரண்டு நாள். வெட்டிவிட்ட மடை ஒரு கோடாக மேலிருந்து தெரியலாம். தெரியாமலும் போகலாம். காலடித் தடம் தெரியலாம். யாருக்குத் தெரியும்? வானத்திலிருப்பது எதைப் பார்க்கும், எதை விடும் என்று நாலுமூலைக்கே தெரியாது.

நேர்கோடு வலது காலைத் தூக்கினார். அண்ணி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்தாள். இழுக்கவில்லை. விடவும் இல்லை.

இந்த இடத்தில் அவர்களை நிறுத்திவைத்து எனக்கு மூன்று வாரம் ஆகிறது. அக்காவைக் கேட்டேன். "இறங்கச் சொல்லுடா, பாவம்," என்றாள். சமையலறை வரை போனவள் திரும்பி வந்து, "ஐயோ வேணாம், அந்தம்மா கையெழுத்துப் போட்டிருக்கா," என்றாள். மறுநாள் காலையில் மறுபடியும் மாற்றிச் சொன்னாள். நான் எழுதினால் என் விருப்பம் ஆகிவிடும். என் விருப்பத்தை நம்பி ஒரு குடும்பத்தின் நிலத்தை ஒப்படைக்கலாமா? சும்மா இருந்தே காசு வாங்கியவன் நான்.

நீங்கள் சொல்லுங்கள். இறங்கட்டுமா, திரும்பட்டுமா? இரண்டில் எது சொன்னாலும் அவர்கள் கேட்பார்கள். யோசிக்க வேண்டுமென்றால் யோசியுங்கள், ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். வரப்பு ஈரமாக இருக்கிறது, அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார்.